வாயிற்காவலரும் வரம்பும்

வழக்குமன்றம் கருவறையன்று; அதன் வாயிலில் நிற்போர் விரலுயர்த்தி மிரட்டும் துவாரபாலகரும் அல்லர்!

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலிலிருந்து, நிலவழக்கின் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லும் உழவன், காக்கியைக் கண்டதும் தோள் துண்டை இடுப்பிற்கு இறக்குகிறான். ஏன்? காவலரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அவனுக்கு எவரும் எடுத்துரைத்ததில்லை.

நாம் உரைப்போம். 2015 செப்டம்பர் 14-இல், தமிழை வழக்காடு மொழியாக்குக எனக் கேட்டு, வழக்கறிஞர்கள் தலைமை நீதிபதியின் மன்றத்திற்குள்ளேயே அமர்ந்தனர். நவம்பர் 16-இல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அங்கே காவலுக்கு வந்தது. மொழி வெளியே நின்றது. துப்பாக்கி உள்ளே நுழைந்தது!

காவலே வேண்டாமென்பதன்று நம் வாதம். கத்தியோடு வருவோனைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால், அப்படையின் அதிகாரம் உடுப்பில் ஊறியதன்று. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அளந்து கொடுத்தது. பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. காலந்தாழ்த்தாது போலீசாரிடம் ஒப்படைத்திடுக என்கிறது 13-ஆம் பிரிவு. தண்டிக்கும் உரிமை துளியுமில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துக என ஆணையிடுகிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு.

குற்ற விசாரணை நடக்குமிடம் திறந்த மன்றம் என்று, 2023-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆம் பிரிவு முழங்குகிறது. இடமுள்ளவரை எவரும் அமரலாம். விலக்க ஆணையிடுபவர் நீதிபதியே, வாயிற்காவலர் அல்லர்.

தோழர்களே! படிப்பகந்தோறும் இப்பிரிவுகளைத் தமிழில் எழுதி வையுங்கள். ‘எந்தச் சட்டத்தின்படி?’ என்று பணிவோடு, ஆனால் அஞ்சாது கேட்கப் பழக்குங்கள். கேட்கத் தெரிந்த மக்களிடம் எந்த உடுப்பும் எல்லை மீறாது!