போனக்காட்டில் ஒரு பாடம்



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் போதும், நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். சிறுகதையைப் பாராட்ட எழுதுகிறவர்கள்கூட கடைசி வரியில் "பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" என்று கேட்டு முடிக்கிறார்கள். இம்முறை ஒரு தாயின் கேள்வி கொஞ்சம் வேறு. மகளுக்கு வனவியல் படிக்க ஆசையாம். "காட்டைப் படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்கிறார்களாம்.

அம்மா, விண்ணப்பம் போடுவதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போனக்காடு போய் வாருங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி மலையேறினால் வருகிற பழைய தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் காட்டை அழித்துப் போட்டது. இன்று தொழிற்சாலை பாழடைந்து கிடக்கிறது. பராமரிப்பில்லாத தேயிலைச் செடி கவாத்து இல்லாமல் மரமாக நிற்கிறது. லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. கங்காணி கூட்டிவர, நம் பக்கத்திலிருந்து மலையேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கொழுந்து பறித்த கைகளுக்குச் சம்பள பாக்கி, பணிக்கொடை பாக்கி என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. இங்கிருந்துதான் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடைபாதை தொடங்குகிறது. ஒருபக்கம் கைவிட்ட தோட்டம், ஒருபக்கம் காப்புக்காடு, நடுவில் மனிதர்கள். இயற்கை வளப் பாதுகாப்பு என்று பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் எதைச் சொல்லித் தருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் பெய்த மழை கரமனை ஆறாகி, பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரத்துக் குழாய்களுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தது தாமிரபரணியாகி நெல்லையின் வயலுக்குப் பாய்கிறது. 2001-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்து, 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், இரண்டு மாநிலங்களிலும் விரிந்து கிடக்கிறது. மழைக்கு மாநில எல்லை தெரியாது. வனத்துறைக் கோப்புகளுக்குத்தான் தெரியும்.

இந்தக் காட்டுக்கு உரியவர்கள் காணிக்காரர்கள் என்ற காணிப் பழங்குடிகள். 1987 டிசம்பரில் ஓர் ஆய்வுக்குழு காணி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு மலையேறியது. படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகளோ நடுநடுவே ஏதோ ஒரு சின்னக் காயை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். விஞ்ஞானிகளும் தின்று பார்த்தார்கள், களைப்புத் தெரியவில்லை. என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்ல மறுத்துவிட்டார்கள். அது குலத்தின் ரகசியம். வெகுநேரம் கேட்ட பிறகே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்து, உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அதற்காகவே ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. இப்படிப் பங்கு தரவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 2002-ல்தான் என்பதைக் கவனியுங்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் பாடப்புத்தகத்துக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. காட்டு நிழலில் வளர்ந்தால்தான் அந்த இலைக்கு வீரியம் என்றார்கள். காணிகள் இலை பறித்து விற்கத் தொடங்கினால் வேரோடு பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறை பயந்து தடுத்தது. செடியைக் காக்க நினைத்ததும் நியாயம். சொல்லிக்கொடுத்தவனின் பிழைப்பைக் கேட்டதும் நியாயம். என்னைக் கேட்டால், இந்த வழக்கை விடியவிடிய வாதாடிப் பார்க்காத மாணவருக்குப் பட்டம் கொடுக்கவே கூடாது. மரத்தின் சுற்றளவை அளப்பதும், செயற்கைக்கோள் படத்தில் காட்டின் அடர்த்தி பார்ப்பதும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை.

சரி, சோற்றுக்கு வழி? மேட்டுப்பாளையத்திலும், கேரளத்தில் திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையிலும் வனவியல் கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு நான்கு வருஷம். மேட்டுப்பாளையத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண், வெள்ளானிக்கரைக்கு நீட் தரவரிசை. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வை வனவியல் மட்டுமல்ல, தாவரவியல், விலங்கியல், வேளாண்மை, பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். மற்ற வேலைகளுக்கு ஆய்வு நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் உண்டு. சம்பளம் ஐ.டி. அளவுக்கு இராது என்பதை மகளிடம் மறைக்க வேண்டாம்.

நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங்கை அந்த வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், எழுபதுகளில் பந்திப்பூருக்குப் போய்ச் செந்நாய்களின் பின்னால் அலைந்து ஆராய்ந்தார். பிறகு டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை வன அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் பாடம் நடத்தினார். களக்காடு முண்டந்துறை என்றாலே அவர் குரல் மாறும் என்பார்கள். 2024 ஜூனில் காலமானார்.

அதே 2024-ல்தான் மலையின் நம் பக்கத்தில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பேசுபொருளானது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது; காலம் முடியும் முன்னே தோட்டம் மூடப்பட, தொழிலாளர்கள் இறங்கச் சொல்லப்பட்டார்கள். அந்த இடம் காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே திரும்புவது என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் தாள் இல்லை. உங்கள் மகள் எழுதட்டும்.

வனவியலோ சுற்றுச்சூழலோ படித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள், உங்கள் முதல் களப்பயணம் எங்கே, அங்கே யார் உங்களுக்கு வழிகாட்டினார் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்