ஜாக்கியின் அடியில் தவக்குலா?



பழைய மாருதி 800 காரின் முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டும் சகோதரர்கள் நம்மிடையே உள்ளனர். சொந்தக் கையால் உழைப்பதை நாம் குறை கூறமாட்டோம். பட்டறைக் கூலி மிச்சமாகும். பொருளின் அருமையும் விளங்கும். ஆயினும் "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கூறிக்கொண்டு, வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் தலையை நீட்டுவதை நாம் ஏற்கவே மாட்டோம்.

ஜாக்கி தூக்குவதற்குரியது, தாங்குவதற்குரியதன்று. சீல் கசிந்தாலும் தரை சரிந்தாலும் வண்டி இறங்கிவிடும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கிய பின்னரே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு ஊருக்கு உபதேசிக்கும் நாம், நம் வாசலில் அதை மறக்கலாமா?

"இத்தனை ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் நேரவில்லையே" என்பர் சிலர். நேராதது நம் திறமையால் அன்று, அல்லாஹ்வின் அருளால். அந்த அருளையே சான்றாகக் காட்டி அலட்சியத்தைத் தொடர்வது நன்றிகேடு. நாமும் இத்தவற்றைச் செய்தவர்களே. ஒரு நாள் ஜாக்கி மெல்ல இறங்குவதை நம் இளைய மகன் கண்டு கூவினான். கழற்றிய சக்கரம் வண்டியின் அடியில் கிடந்ததால் பிழைத்தோம்.

ஆபத்து அத்துடன் முடிவதில்லை. ஸ்ட்ரட்டின் உச்சி நட்டு, அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. கம்ப்ரஸர் பூட்டி ஸ்பிரிங்கைச் சுருக்காமல் அதைக் கழற்றினால், ஸ்பிரிங் பாய்ந்து முகத்தைச் சிதைக்கும். அக்கருவி இல்லாதவர் ஸ்ட்ரட்டை மட்டும் பட்டறைக்குக் கொண்டு செல்லட்டும், அதில் இழிவில்லை.

தேய்ந்த பால் ஜாயிண்ட்டை "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று மீண்டும் பூட்டுவதும், பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திச் செருகுவதும் சிக்கனமல்ல. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். கீழ்க்கை புஷ்ஷின் போல்ட்டை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பின்னரே இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகி விரைவில் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

அவ்வண்டியில் ஏறப்போகும் மனைவியும் மக்களும் மட்டுமல்ல, எதிரே சாலையைக் கடக்கும் அந்நியரும் நம் கையில் அமானிதமே. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த அந்த அமானிதத்தைப் பணயம் வைக்கும் உரிமை நமக்கில்லை.

முதலில் ஸ்டாண்டு வாங்குவோம். பிறகு பிஸ்மில்லாஹ் கூறி வேலையைத் தொடங்குவோம்.