கார் ரேஸ்: கைதட்ட கூட்டம் இருக்கு... ஓட்ட ஆள் இருக்கா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் அணி தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்ததும், ஆரணி வரை செல்போன்களில் கொண்டாட்டம். அப்போ கார் ரேஸுக்கு மவுசு கூடிடுச்சா? ரசிகர்களிடையே இதுதான் வாதம்.

இல்லை என்பவர்கள் சொல்வது: கிரேட்டர் நொய்டாவில் இந்திய ஃபார்முலா ஒன் பந்தயம் 2011 முதல் 2013 வரை மூன்றே முறைதான், வரிச் சிக்கலில் நின்றுபோனது. கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக்குக்குப் பிறகு அந்தக் களத்தில் வேறு இந்தியர் இல்லை.

மறுதரப்பு காட்டுவது, 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தை.

ஆக, பார்க்க ஆள் உண்டு. ஓட்டுபவரை உருவாக்கும் வழிதான் குறுகல். சிறுவயதிலேயே கார்ட்டிங்கில் தொடங்கணும். டயர், இன்ஜின், பயணம் எல்லாமே காசு. இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் இருந்தும் சிறுநகரப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி.

ஆரணிக்கு இது புரியும். பட்டுச்சேலைக்கு எவ்வளவு மவுசு இருந்தாலும், தறியில் உட்கார பிள்ளைகள் வரலேன்னா தொழில் நிலைக்காது. நட்சத்திரத்துக்கான கைதட்டல் ஒரு நாளோடு போகும். குறைந்த செலவுப் பயிற்சிக்கு அரசும் கிளப்புகளும் கைகொடுத்தால்தான் ரேஸுக்கு எதிர்காலம்.