தட்டினால் தப்பில்ல பாஸ்!

'ரியோ டி ஜெனிரோ போறேன்'னு சொன்னதும் பழைய ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி, "கோபகபானா பீச்சா மச்சி? என்ஜாய்!" பீச்சுக்குத்தான் போனேன். ஆனா, மணலில் கால் வைக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மாடி ஹாலில் முழங்கையைத் தொலைச்சிட்டேன். எப்படின்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

நம்ம ஊர்ல ஒன்றரை வருஷமா வாரம் மூணு நாள் பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கத்துக்கிட்டிருந்தேன். குத்து, உதை எல்லாம் கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டு வரணும். கையையோ, காலையோ, கழுத்தையோ பூட்டுப் போடணும். மாட்டிக்கிட்டவர் கையால ரெண்டு மூணு தடவை தட்டினா, அடுத்த நொடி விட்டுடணும். அதுக்குப் பேர் 'டேப்'. மொத்த விளையாட்டும் இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுது.

இந்தக் கலைக்கு ரியோதான் தாய் வீடு. மித்ஸுயோ மாயெதான்னு ஒரு ஜப்பான் ஜூடோ வீரர் 1914-ல் பிரேசில் வந்தார். பெலெம் நகரத்துல கார்லோஸ் க்ரேஸிங்கற பையனுக்குக் கத்துக் கொடுத்தார். க்ரேஸி குடும்பம் ரியோவுக்கு வந்து, 1925-ல் பயிற்சிக்கூடம் ஆரம்பிச்சாங்க. கார்லோஸின் தம்பி எலியோ சின்ன உடம்புக்காரர். பலம் பத்தாத இடத்துல நெம்புகோல் கணக்கைப் போட்டார். ஒல்லிப்பிச்சானும் பயில்வானை மடக்கலாம்கிற பெயர் இந்தக் கலைக்கு வந்தது அப்படித்தான்.

அப்படிப்பட்ட ஊருக்கு, சேர்த்து வெச்ச காசையெல்லாம் போட்டு பத்தே நாள் லீவுல போறேன். பையில ஒரு கிமோனோ, இடுப்புக்கு ஒரு நீல பெல்ட், மண்டை நிறைய கனம்!

முதல் நாள் மாலை. படியேறும்போதே வியர்வை வாசனை. ரியோவோட புழுக்கத்துல கதவைத் திறந்தா வெந்நீர் ஆவி மாதிரி முகத்துல அடிக்குது. அங்கே சொல்லிக் கொடுக்கிறவரை 'ப்ரொஃபெஸோர்'னுதான் கூப்பிடறாங்க. நம்ம ப்ரொஃபஸர் அட்டென்டன்ஸ் எடுப்பார். இவர் கழுத்தை எடுப்பார். அறுபதைத் தொட்ட வயசு, வெளுத்துப்போன கறுப்பு பெல்ட். ஜாடையில பேசி, அன்னிக்கு ஃபீஸைக் கட்டிட்டு மெத்தையில இறங்கினேன்.

எனக்கு ஜோடியா வந்தது ஒரு பொண்ணு. ஊதா பெல்ட். எடை ஐம்பது கிலோ இருந்தா அதிகம். நான் எழுபத்து நாலு. 'பாவம், மெதுவா ஆடுவோம்'னு மனசுக்குள்ள பெருந்தன்மை வேற!

அஞ்சு நிமிஷ ரவுண்டுல ரெண்டாவது நிமிஷம்... என் வலது கை அவங்க ரெண்டு காலுக்கு நடுவுல. ஆர்ம் பார். என் ஒரு கைக்கு எதிரா அவங்க முழு உடம்பு. இடுப்பை லேசாத் தூக்கினா முழங்கை எதிர்ப்பக்கம் வளையும். அவங்க மெதுவாத்தான் தூக்கினாங்க. தட்டறதுக்கு நேரமும் கொடுத்தாங்க. நான் தட்டலை. சுத்தி முப்பது பேர் பார்க்கிறாங்களே! 'இந்தியாவுலேர்ந்து வந்து ரெண்டு நிமிஷத்துல தட்டறதா?'னு உருவிப் பார்த்தேன்.

'டொக்'.

சத்தம் கேட்ட உடனே அவங்களே விட்டுட்டாங்க. என்னைவிட அவங்க முகம்தான் வெளுத்திருந்தது. ப்ரொஃபெஸோர் ஐஸ் கட்டியோட வந்தார். "கால்மா, கால்மா"ன்னார். பொறுமை, பொறுமைன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு அன்னிக்கு அப்புறம் யாரோடவும் ஆடலை. ஓரமா உட்கார்ந்து அழுதுட்டிருந்தாங்க. வலியைவிட அதுதான் எனக்கு உறைச்சது. என் வறட்டு கெத்துக்கு அவங்க எதுக்கு அழணும்?

டாக்டர் பார்த்துட்டு, எலும்பு பிழைச்சது, தசைநார்தான் இழுத்திருக்குன்னார். ஒரு வாரம் கையை அசைக்கக் கூடாது. பத்து நாள் ட்ரிப்புல ஏழு நாள் காலி!

வேற வேலை? தினமும் போய் பெஞ்சுல உட்கார்ந்தேன். மூணாவது நாள் ப்ரொஃபெஸோர் பக்கத்துல வந்து உட்கார்ந்து, அரைகுறை இங்கிலீஷ்ல ஒரு கதை சொன்னார். 1951. ரியோவின் மரக்கானா ஸ்டேடியம். எலியோ க்ரேஸிக்கு எதிரா ஜப்பானின் மஸாஹிகோ கிமுரா. எலியோவைவிட உருவத்துல ரொம்பப் பெரியவர். தோள்பூட்டு போட்டு எலியோவோட கையை முறிச்சார். எலியோ தட்டவே இல்லை. அவர் தரப்புலேர்ந்துதான் ஆட்டத்தை நிறுத்தினாங்க.

"பார்த்தீங்களா, அவரும் தட்டலையே!"ன்னு வாயைத் திறந்தேன். ப்ரொஃபெஸோர் சிரிச்சார். "அது போட்டி. இது செவ்வாய்க்கிழமை"ன்னார். அப்புறம் சொன்னார், "அந்தப் பூட்டுக்கு இன்னிக்கு என்ன பேர் தெரியுமா?" தெரியும். உலகம் பூரா 'கிமுரா'. தோத்த பக்கம், ஜெயிச்சவர் பேரையே அந்தப் பூட்டுக்கு வெச்சு, அதை இன்னிவரை சொல்லிக் கொடுக்குது!

அடுத்த நாள் இன்னொண்ணு பார்த்தேன். ஒரு நீல பெல்ட் பையன், இருபது வயசு இருக்கும், ப்ரொஃபெஸோர் கழுத்தைப் பிடிச்சுட்டான். அத்தனை பேர் முன்னாடி, அத்தனை வருஷ அனுபவத்தோட, அவர் பட்பட்னு தட்டினார். எழுந்து உட்கார்ந்து, அவன் கையைப் பிடிச்சு, "எப்படிப் பண்ணே? திரும்பப் பண்ணு"ன்னார். ஹால்ல ஒருத்தர் முகத்துலயும் ஆச்சரியமே இல்லை. எனக்கு மட்டும்தான் வாய் பிளந்துடுச்சு.

கடைசி நாள், டாக்டர் சரின்னதும், இடது கையை மட்டும் வெச்சு மெதுவா ஆட மெத்தையில இறங்கினேன். அதே பொண்ணுகிட்ட போய் நின்னேன். அவங்க தயங்கினாங்க. முழங்கையைக் காட்டி, என் தொடையில மூணு தட்டு தட்டிக் காட்டினேன். புரிஞ்சு சிரிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒன்பது தடவை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவங்க நிறுத்தி, நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு தொட்டுக் காட்டினாங்க. ஒன்றரை வருஷத்துல கத்துக்காத விஷயமெல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துல இருந்தது.

மாலையில எல்லோருமா கிண்ணம் நிறைய ஜில்லுனு அஸாயீ பழக்கூழ் சாப்பிட்டுட்டு, அர்ப்போவாதோர் பாறைக்குப் போனோம். கடல்ல சூரியன் இறங்கறப்ப அங்கே கூட்டமா கை தட்டுவாங்க. நானும் தட்டினேன், வலது கையை ரொம்ப ஆட்டாம!

வெளியூர்ல போய் ஆடப் போற நண்பர்களுக்கு நாலு டிப்ஸ்: நகத்தை வெட்டுங்க. கிமோனோவை தினமும் துவைங்க (ரியோவுல ஒண்ணு பத்தாது, சீக்கிரம் காயாது). மெத்தையை விட்டு இறங்கினா செருப்பு போடுங்க. முக்கியமா, சீக்கிரம் தட்டுங்க.

இது கிளாஸுக்கும் பொருந்தும் பாஸ். 'சார், புரியலை'ன்னு கை தூக்க வெட்கப்பட்டு செமஸ்டர் பூரா தலையாட்டறோமே, அதுவும் தட்டாம இருக்கிறதுதான். 'டொக்' சத்தம் மட்டும் ரிசல்ட் அன்னிக்குக் கேட்கும்!

இதை எழுதும்போதுகூட வலது முழங்கை லேசா முணுமுணுக்குது. சரி... கீ-போர்டைத் தட்டிட்டேன். விட்டுடு!