தோல் மெத்தைக் கனவான்கள்

அரசாங்கக் காரியாலயங்களைப் பரிகசித்தல் எளிது. அப்பரிகாசத்தால் அறிவு புகட்டல் அரிது. இவ்வரிய செயலைப் பிரெஞ்சு ஆசிரியர் ஜார்ஜ் கூர்த்லீன் 1893-இல் வெளியிட்ட நாவலாற் செய்தனர். ஈவ் மிராந்த் என்பார் 1936-இல் அதனைத் திரைப்படமாக்கினர். நாற்காலியில் வட்டத் தோல் மெத்தையிட்டு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் குமாஸ்தாக்களையே அதன் பெயர் குறிக்கின்றது.

தானங்களையும் மரணசாஸனச் சொத்துக்களையும் பரிசீலிக்கும் பாரிஸ் நகரத்து இலாகாவே கதை நிகழிடம். வெளியூர்க் காட்சிசாலைத் தலைவரொருவர், தம் சாலைக்கு உரிமையான சில அற்பப் பொருள்களைப் பெறுதற்கு அங்கு வந்து அலைகின்றார். கூர்த்லீன் தாமே மத விவகார இலாகாவிற் பல்லாண்டு குமாஸ்தாவாயிருந்தவராதலின், கண்டதையே எழுதினர்.

குமாஸ்தாக்களின் சோம்பலே குற்றமென்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். சோம்பேறியைக் கண்டித்துத் திருத்தலாம்; பொறுப்பு யாருடையதென்று காணவொண்ணாத ஏற்பாட்டை யாவர் கண்டிப்பர்? அதனுள் அகப்பட்ட குமாஸ்தாவும் ஒரு சிறையாளியே. நாவலில் ஒருவன் சித்தம் பேதலித்துத் தன் தலைவனையே கொன்றுவிடுகின்றான். அவ்விடத்து நம் நகைப்பு அடங்கிவிடுகின்றது.

ஆதலின், நாளை உத்தியோகம் ஏற்கும் மாணவ நண்பர்காள்! விதிகளைக் கைக்கொள்ளுங்கள்; ஆயினும் ஒவ்வொரு மனுவின் பின்னும் ஒரு மனிதன் காத்து நிற்கின்றானென்பதை மறவாதிருங்கள். அக்காகிதத்திற்கு விடைகூறும் பொறுப்பு தம்முடையதென்று ஒருவரேனும் முன்வருவாராயின், அவ்வலுவலகம் உயிர்பெறும்.