விதிவிலக்கு எதை நிறுவும்?

கிராமத்து மண்ணில் வளராதவரால் தமிழில் பெரிய நாவல் எழுத முடியாது என்று அண்மையில் ஓர் இதழில் ஒரு கட்டுரையாளர் தீர்ப்பளித்தார். நகரத்தில் பிறந்து நகரத்தையே எழுதிய ஒருவரை வாசகர் சுட்டிக்காட்ட, ‘விதிவிலக்குதான் விதியை நிரூபிக்கிறது’ என்று பதில் வந்தது. விவாதம் அதோடு முடிந்ததாம். இத்தொடரின் ஆங்கில மூலமான ‘எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்பதை ஆங்கிலேயரே பெரும்பாலும் பிழையாகத்தான் எழுதுகிறார்கள். நாம் அந்தப் பிழையைச் சிந்தனையாகவே வரித்துக்கொண்டோம்.

அத்தொடரின் அடிப்படை வழக்குமன்றத்துத் தர்க்கம். கி.மு. 56இல் பால்பஸ் என்பவரின் ரோமக் குடியுரிமை செல்லாது என்று வழக்கு வந்தது. சில இனத்தாரோடு ரோம் செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் எவரையும் குடிமகனாக ஏற்கக் கூடாது என்ற விலக்கு இருப்பதை, பால்பஸுக்காக வாதாடிய சிசரோ எடுத்துக்காட்டினார். விலக்கு எழுதப்படாத இடத்தில் ஏற்கலாம் என்பதே அதன் பொருள் என்று வாதிட்டார். ‘ஞாயிறன்று வண்டி நிறுத்தலாம்’ என்ற பலகை மற்ற நாட்களுக்கான தடையைச் சொல்லாமல் சொல்வது இப்படித்தான். விதியை வகுத்தவரே எழுதிய விலக்குதான் விதிக்குச் சாட்சி. வெளியிலிருந்து வந்து நிற்கும் எதிர்ச்சான்று விதியை உடைக்கும். ஆங்கில மொழிப் பயன்பாட்டுக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926இல் இத்தொடரின் பயன்பாடுகளை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவதை அபத்தம் என்றே குறித்தார். நம் கட்டுரையாளர் கையாள்வது அந்த ஐந்தாவது.

ரோம் வரை போவானேன்? தொல்காப்பிய உரைகளில் ஊறிக் கிடந்த தலைமுறைக்கு இந்த வேறுபாடு பாலபாடம். ‘எய்தியது விலக்கல்’ என்று உரையாசிரியர் குறிக்கும்போதே, விலக்குக்கு முன் அங்கே ஒரு விதி எய்தியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். சிசரோ சொன்னதும் இதுவே. நூற்பாவுக்குள் அடங்காத வழக்கு கண்முன் நின்றாலோ, புறனடையால் அதற்கு இடம் தருகிறார். அடங்காமையே நூற்பாவுக்கு வலிமை என்று எந்த உரையாசிரியரும் வாதாடியதில்லை. தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணரின் அந்த நிதானத்தை இன்று படித்தாலும் மனம் நிறைகிறது.

நம் விமர்சனத்திடம் அந்த நேர்மை இல்லை. தலித் எழுத்தில் வடிவ அக்கறை இல்லை என்பார்கள்; காட்டினால் விதிவிலக்கு. பெண்கள் வரலாற்றை எழுதுவதில்லை என்பார்கள். காட்டினால் அதுவும் விதிவிலக்கு. இப்படி ஒதுக்கப்பட்ட நூல்களைக் கொண்டே தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். எந்தச் சான்றாலும் அசையாத கருத்து விமர்சனமாகாது, அது முன்முடிவு.

அந்தக் கட்டுரையாளர் தம் விதியைத் திருத்தட்டும், அல்லது திரும்பப் பெறட்டும். விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்ட நாவல்களைப் பற்றி வாசகர்கள் விரிவாக எழுதட்டும். நம் அடுத்த இதழின் பக்கங்கள் அவற்றுக்கே.