நோயாளி இல்லாத மருத்துவமனையும் கேள்வி இல்லாத சிரிப்பும்

1981 பிப்ரவரி 23 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘எஸ் மினிஸ்டர்’ தொடரின் பகுதியொன்றில் ஒரு புதிய மருத்துவமனை வருகிறது. செயின்ட் எட்வர்ட்ஸ் என்பது அதன் கற்பனைப் பெயர். திறந்து 15 மாதங்கள் ஆகிவிட்டன. ஏறத்தாழ 500 ஊழியர்கள் பணியில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளிகூட இல்லை. அமைச்சர் ஜிம் ஹேக்கர் திகைக்கிறார். தலைமை அதிகாரி சர் ஹம்ஃப்ரியோ அது நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளுள் ஒன்றென்றும், தூய்மைக்கான விருதுக்குரியதென்றும் பெருமிதத்தோடு வாதாடுகிறார்.

நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் இக்காட்சி கைப்பேசிகளில் உலவிக்கொண்டிருக்கிறது. பொதுத்துறை என்றால் இதுதான் என்று நிலைநாட்ட விரும்புவோர் இதைச் சான்றாகவே காட்டுகிறார்கள். அதிகார வர்க்கத்தைச் சாடும் நையாண்டி என்று கருதித் தோழர்கள் சிலரும் இதைப் பகிர்வதுண்டு. ஆகவே இந்தச் சிரிப்பு யாருடைய சிரிப்பு என்பதைக் கேட்டாக வேண்டியுள்ளது.

மருத்துவமனையில் நோயாளிகள் ஏன் இல்லை? விடை அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. அரசின் செலவுக் குறைப்பினால் மருத்துவப் பணிகளுக்குப் பணம் இல்லாமற்போயிற்று. எனவே மருத்துவர்களும் செவிலியர்களும் அமர்த்தப்படவில்லை. கதையின் உயிர்நாடியான இந்தச் செய்தி, போகிற போக்கில் சொல்லப்பட்டு மறைந்துவிடுகிறது. நிதியை வெட்டியது யார், எந்த வர்க்கத்தின் நலனுக்காக வெட்டினார்கள் என்ற கேள்வி எழுவதற்குள் பார்வையாளரின் சிரிப்பு எழுத்தர்கள் மீதும் ஊழியர்கள் மீதும் திருப்பிவிடப்படுகிறது. வெட்டியவன் தப்பித்துக்கொள்கிறான், வெட்டுக்குப் பின் எஞ்சியவன் கேலிக்கு உள்ளாகிறான்.

இது தற்செயல் அன்று. தொடரை எழுதிய இருவருள் ஒருவரான ஆன்டனி ஜே, ‘பொதுத் தேர்வுக் கோட்பாட்டின்’பால் தமக்கிருந்த ஈடுபாட்டை மறைத்தவரல்லர். அரசு ஊழியர் எவரும் பொதுநலனுக்காக உழைப்பதில்லை, அனைவரும் தன்னலத்தையே நாடுகின்றனர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். மார்கரெட் தாட்சருக்கு மிகவும் பிடித்த தொடர் இது. 1984 ஜனவரியில் அதன் நடிகர்களோடு அவரே மேடையேறி ஒரு குறுநாடகத்தில் நடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவரது அரசு எவ்வாறு நசுக்கியது என்பதை உலகத் தொழிலாளி வர்க்கம் அறியும்.

அதிகாரிகள் பெருகிவிட்டார்கள் என்று நகைத்தவர்கள் ஆட்சியில் செய்தது என்ன? 1948-இல் அன்யூரின் பெவன் உருவாக்கிய தேசிய மருத்துவச் சேவையை ஆராய, 1983-இல் ஓர் அங்காடி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரான ராய் கிரிஃபித்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவருடைய பரிந்துரையால் பொது மேலாளர்கள் புகுந்தனர். அதே ஆண்டு முதல் துப்புரவு, உணவு, சலவைப் பணிகள் ஒப்பந்தப் போட்டிக்கு விடப்பட்டன. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளை விற்பவராகவும் சுகாதார ஆணையங்களை வாங்குபவராகவும் மாற்றியது. ஒப்பந்தம் எழுதவும் விலை பேசவும் கணக்குப் பார்க்கவும் மேலாளர்கள் பல்கிப் பெருகினர். சந்தை நிர்வாகச் செலவைக் குறைக்கும் என்ற கூற்று சந்தையின் கைகளாலேயே பொய்யாக்கப்பட்டது.

இக்கதையில் தொழிற்சங்கத்திற்கு அளிக்கப்பட்ட இடமும் கவனத்திற்குரியது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வோம் என மிரட்டும் சங்கத் தலைவர், தலைமை அதிகாரியின் சூழ்ச்சிக்குப் பயன்படும் கருவியாகவே காட்டப்படுகிறார். இறுதியில் கியூபாவிலிருந்து வெளியேறிய அகதிகளைத் தங்கவைக்க மருத்துவமனை பயன்படுகிறது. அமைச்சரின் மானம் காப்பாற்றப்படுகிறது. அந்தக் கியூபாதான் 2014-இல் எபோலாவை எதிர்கொள்ள மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், 2020 மார்ச்சில் கொரோனாவால் தத்தளித்த இத்தாலியின் லொம்பார்டிக்கும் மருத்துவர்களை அனுப்பிவைத்தது.

இந்தியாவிலும் இச்சிரிப்பு சரியான தருணம் பார்த்து வந்திறங்கியது. ‘ஜி மந்த்ரிஜி’ என்ற பெயரில் இத்தொடரின் இந்தி வடிவத்தை ஸ்டார் பிளஸ் 2001-இல் ஒளிபரப்பியது. அதே 2001-இல்தான் வாஜ்பாய் அரசு பால்கோ நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகளை 551.5 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட்டிடம் விற்றது. சத்தீஸ்கரின் கோர்பாவில் தொழிலாளர்கள் 67 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். தொலைக்காட்சியில் அரசு நிர்வாகம் கேலிப்பொருளானது. வெளியே மக்கள் சொத்து கைமாறியது. இரண்டையும் ஒரே கை இயக்கியதாகக் கூற வேண்டியதில்லை. ஒரே காலத்தின் கருத்துலகம் இரண்டிற்கும் இடம் கொடுத்தது என்றால் போதும்.

அதிகார வர்க்கப் போக்கு கற்பனையன்று. புரட்சிக்குப் பிந்தைய அரசு இயந்திரத்தில் அது மண்டிக் கிடந்ததை, நோய்ப்படுக்கையில் இருந்தபோதும் 1923-இல் லெனின் தம் இறுதிக் கட்டுரைகளில் தயவு தாட்சண்யமின்றிச் சாடினார். ஆனால் அதற்கு மருந்தாக அவர் தேடியது தொழிலாளர் விவசாயிகளின் கண்காணிப்பை. தனியாரிடம் விற்பதை அல்ல. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உள்ளாட்சிகளிடம் அளித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ளன. மருத்துவர் வரவில்லையெனில் கேட்பதற்கு ஊர்மக்களுக்கு அங்கே ஓர் இடம் உண்டு.

2025-க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த உறுதிமொழியைக் காற்றில் விட்டவர்களுக்கு, அரசு மருத்துவமனையைக் கண்டு மக்கள் நகைப்பது வசதியானது. அக்காட்சி மறுமுறை கைக்கு வரும்போது அதை அடுத்தவருக்கு அனுப்புமுன், ‘மருத்துவருக்கான பணத்தை வெட்டியவர் யார்?’ என்ற கேள்வியையும் தோழர்கள் உடன் சேர்த்தனுப்ப வேண்டும்.